காணாமையும் துக்கமும்: ‘இறந்தவன் பிழைத்தது’ என்னும் தலைப்பை முன்வைத்து ஒரு வாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் தொடக்ககாலத் துப்பறியும் நாவல்கள் விறுவிறுப்புக்காக மட்டும் எழுதப்பட்டவை என்ற கருத்து இலக்கிய வரலாறுகளில் நிலைபெற்றுள்ளது. ஆரணி குப்புசாமி முதலியாரின் ‘மதனபூஷணம் அல்லது இறந்தவன் பிழைத்தது’ என்னும் தலைப்பமைப்பை, ராஜம் ஐயரின் ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திர’த்தோடும் நளன் கதையோடும் ஒப்புநோக்கி, இவ்வகை நாவல்களுக்கும் துக்கத்திற்கும் உள்ள உறவை இக்கட்டுரை ஆராய்கிறது. காணாமற்போன ஒருவருக்காகத் துயருறுபவர் யார், அவரைத் தேடுபவர் யார் என்ற வினாவே இதன் மையம்.

திறவுச்சொற்கள்: துப்பறியும் நாவல், தழுவல், காணாமை, துக்கம், ஆரணி.

முன்னுரை

1915இல் தொடங்கிய ‘ஆனந்தபோதினி’ இதழோடு நெருங்கிய தொடர்புடையவர் ஆரணி குப்புசாமி முதலியார். ரெயினால்ட்ஸ் முதலிய ஆங்கில நாவலாசிரியர்களின் கதைகளைத் தழுவி ஏராளமான நாவல்களைத் தமிழில் தந்தவர். ‘இரத்தினபுரி இரகசியம்’, ‘மின்சார மாயவன்’, ‘தினகரசுந்தரி அல்லது செல்வச் சீமான் பெற்ற ஏழைமகள்’ ஆகியன அவற்றுட் சில. தழுவல் என்பதாலேயே இவை திறனாய்வின் எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டன. கதை இரவல், ஆகவே ஆராய ஒன்றுமில்லை என்பது வாதம். கதை இரவலாயினும், அதைத் தமிழ் வாசகருக்கு இன்னதென்று அறிமுகம் செய்யும் தலைப்பு தமிழில் உருவானது. எனவே தலைப்பிலிருந்து தொடங்குவது முறையாகும்.

முடிவைச் சொல்லிவிடும் தலைப்பு

மர்மக் கதையின் முதல் விதி முடிவை மறைத்தல். ‘இறந்தவன் பிழைத்தது’ என்னும் துணைத்தலைப்போ அவ்விதியை முதற்பக்கத்திலேயே மீறுகிறது. இறந்ததாகக் கருதப்பட்டவன் உயிரோடிருக்கிறான் என்பதை வாசகர் நூலைத் திறக்குமுன்பே அறிந்துகொள்கிறார். ‘செல்வச் சீமான் பெற்ற ஏழைமகள்’ என்னும் தலைப்பும் அவ்வாறே. வறுமையில் இருப்பவளின் பிறப்பைப் பற்றிய உண்மை முன்கூட்டியே வெளிப்படுகிறது.

இதை விற்பனை உத்தி என ஒதுக்கலாம். ஆயின் வாசகரை ஈர்ப்பது புதிர் மட்டுமே என்றால் விடையை முன்னரே விற்பதில் பயனில்லை. வாசகர் வேண்டியது விடையன்று, இழப்பு மாற்றப்படும் என்னும் உறுதி எனக் கொண்டால்தான் இத்தலைப்பின் பொருள் விளங்கும். ‘பிழைத்தல்’ என்னும் சொல்லும் இங்கு நோக்கத்தக்கது. உயிர்தப்புதல் என்பது அதன் வழக்குப் பொருள். தவறுதல் என்பது இலக்கிய வழக்கு. மரணச் செய்தி பிழையாயிற்று என்பதும் அவன் பிழைத்தான் என்பதும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. தழுவலாசிரியர் இவ்விரட்டுறலைக் கருதியிருக்க வேண்டும் என்பதில்லை. மொழியே அதை வழங்கிவிடுகிறது.

தேடாத துக்கம்

இதற்கு எதிர்நிலையில் நிற்பது ராஜம் ஐயரின் நாவல். ‘விவேக சிந்தாமணி’யில் 1893 முதல் தொடராக வெளிவந்து, 1896இல் நூலாயிற்று. இங்கும் ‘அல்லது’ உண்டு. ஆனால் முதலில் வருவது அபவாதம். சிறுகுளம் என்னும் சிற்றூரில் வாழும் முத்துஸ்வாமி ஐயர், கமலாம்பாள் தம்பதியரின் மகன் நடராஜன் காணாமற்போகிறான். தொடர்ந்து செல்வம் அழிகிறது. கமலாம்பாள்மீது பழி எழுகிறது. கணவர் வீட்டைத் துறக்கிறார். மகனை இழந்தவள் கணவனையும் இழந்து நிற்கிறாள்.

காணாமற்போன குழந்தை, கொள்ளையன், வம்பு பேசும் ஊர், இறுதியில் அவிழும் உண்மை என மர்ம நாவலுக்குரிய கூறுகள் அனைத்தும் இங்குள்ளன. எனினும் புதிரை அவிழ்ப்பவர் ஒருவரை மையப்படுத்தி இந்நாவல் அமையவில்லை. கதை தேடலைப் பின்தொடராமல் துயரைப் பின்தொடர்கிறது. துயரை வேதாந்தத் தெளிவுக்குக் கொண்டுசெல்கிறது. மகன் திரும்பக் கிடைப்பது துப்புத் துலங்கியதன் விளைவாக அன்றி, அருளாகவே உணரப்படுகிறது. சிற்றூர் என்னும் களத்தின் இயல்பையும் ராஜம் ஐயர் நுட்பமாகக் கண்டிருக்கிறார். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் உண்மைக்கு முன்பாக அபவாதம் பரவுகிறது.

துயரும் தேடலும் பிரிந்த இடம்

இவ்விரு நாவல்களுக்கும் முற்பட்ட ஒரு முன்மாதிரி தமிழ் வாசகருக்கு நன்கு பழக்கமானது. புகழேந்தியின் நளவெண்பாவில் கானகத்தில் கைவிடப்பட்ட தமயந்தி அழுவதோடு நின்றுவிடுவதில்லை. கணவனைத் தேட மறையவனை அனுப்புகிறாள். இரண்டாம் சுயம்வரம் என்னும் செய்தியைப் பரப்பி அவனை வரவழைக்கிறாள். பிள்ளைகளை அனுப்பி, உருமாறிய தேர்ப்பாகன் யார் எனச் சோதிக்கிறாள். துயருறுபவளே துப்பறிகிறாள்.

துப்பறியும் நாவல் இவ்விருவரையும் பிரித்தது. ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ (1908) வழியாகப் புகழ்பெற்ற கோவிந்தன் போன்ற துப்பறிவாளன் தேடலைத் தன் தொழிலாக ஏற்றுக்கொண்டபின், உறவினருக்குக் காத்திருத்தலே எஞ்சியது. கமலாம்பாளிடம் துக்கம் உண்டு, தேடல் இல்லை. துப்பறிவாளனிடம் தேடல் உண்டு, துக்கம் இல்லை. ‘இறந்தவன் பிழைத்தது’ போன்ற துணைத்தலைப்புகள் இப்பிளவை ஈடுசெய்ய முயல்வன எனலாம். கதைக்குள் இடம் சுருங்கிய ஆறுதல் அட்டைக்கு வந்துவிட்டது.

ஊரின் பெயரும் கதையின் களமும்

குப்புசாமி முதலியாரின் பெயருக்கு முன் ஆரணி நிற்கிறது. ‘இரத்தினபுரி’ என்னும் கற்பனை நகரின் பெயர் நூலின் முகப்பில் நிற்கிறது. இவ்விடைவெளி இவ்வகை நாவலின் எல்லையைக் காட்டுகிறது. பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியில் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பாவு ஏற்றிய தறியில் ஒரு சேலை முடியப் பல நாள் ஆகும்; நூல் சுற்றுதல் முதலிய துணைவேலைகளில் குடும்பமே பங்குகொள்கிறது. அத்தகைய வீட்டில் ஒருவர் மறைந்தால் பாதியில் நின்ற தறியே முதற்சான்றாகும். அதை நெய்து முடிப்பதா, அவருக்காக விட்டுவைப்பதா என்பது தொழிற்கேள்வியாகவும் துக்கத்தின் கேள்வியாகவும் நிற்கும்.

சட்டம் இக்கேள்விக்குக் காலவரையறை தந்தது. அறியக்கூடியவர்கள் ஏழாண்டு ஒருவரைப் பற்றி ஏதும் அறியாதிருந்தால், அவர் உயிரோடிருக்கிறார் என்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்றது 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. தருப்பையால் உருவம் செய்து எரிக்கும் வழக்கம் சடங்கு தந்த விடை. இரண்டும் துக்கத்தை முடித்துவைக்க முயல்வன. உடலும் செய்தியும் இல்லாத இழப்பு அவ்வாறு முடிவதில்லை என்பதைப் பாலின் பாஸ் ‘தெளிவற்ற இழப்பு’ என்னும் கருத்தாக்கத்தால் விளக்கினார். கமலாம்பாளின் நிலைக்கு இது பொருந்தும். இறந்தவன் பிழைப்பான் எனத் தலைப்பிலேயே உறுதி தேடிய வாசகரின் நிலைக்கும் பொருந்தும்.

முடிவுரை

2017 பிப்ரவரி முதல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டம் நடத்திவருகின்றனர். அவர்களுள் பலர் தாய்மார். அவர்களுக்கு இறப்புச் சான்றிதழ் வேண்டியதில்லை. என்ன நிகழ்ந்தது என்னும் விடையே வேண்டும். துயருறுபவரே தேடுபவராகும் தமயந்தியின் நிலை அங்கு மீண்டும் காணப்படுகிறது. ஆனால் பிழைத்தது என்று முன்கூட்டி உறுதியளிக்கும் தலைப்பு அவர்களுக்கு இல்லை.

ஆகவே ராஜம் ஐயரை இலக்கியமென்றும் குப்புசாமி முதலியாரைப் பொழுதுபோக்கென்றும் பிரித்து நிறுத்துவது போதுமானதன்று. காணாமை என்னும் ஒரே முடிச்சின் இரு பாதிகளை இருவரும் ஏந்தியிருந்தனர். அவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டும் சிற்றூர் மர்ம நாவலை மதிப்பிடுவதற்குரிய அளவுகோலும் இதுவே: அதில் புதிர் அவிழ்ந்ததா என்பதோடு, தேடியவர் யார் என்பதையும் கேட்க வேண்டும்.