நீரோட்டம்

வைரத்தோடு வாங்கப் போனால் இரண்டு சொற்கள் காதில் விழும். ஒன்று, ‘டாலடிக்குது’. மற்றது, ‘நல்ல நீரோட்டம்’. டாலடிப்பது பெரிய காரியமில்லை. கடை விளக்குக்குக் கீழே கண்ணாடிக் கல்லும் டாலடிக்கும். நீரோட்டம் என்பதுதான் ரசிகன் சொல்.

நீர் என்றாலே மணியின் ஒளி என்று ஒரு பொருள் நம் வழக்கில் உண்டு. பாரசீகத்தில் ‘ஆப்’ என்றால் தண்ணீர். ரத்தினத்தின் பளபளப்பும் அதே ஆப்தான். ஆங்கிலேய வியாபாரியும் உயர்ந்த வைரத்தை ‘முதல் நீர்’ என்றே தரம் பிரித்தான்.

நீர் கல்லோடு பிறப்பது. அதைக் கெடுக்கும் குற்றங்களுக்குக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை பெயரே சொல்கிறது, மதுரை ரத்தினக் கடைத்தெருவைக் காட்டும்போது. ஆனால் ஓட்டம், பட்டை தீட்டியவர் கொடுப்பது.

தோட்டை அசைக்காமல் பாருங்கள்: வெளிச்சத் துணுக்குகள், இடையிடையே கறுப்பு. மெல்லத் திருப்பினால் வெளிச்சம் ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்கு வழியும். கறுத்த இடம் வெளுக்கும், வெளுத்தது அணையும், நடுவே ஒரு சிவப்பு தெறிக்கும், ஒரு நீலம். வைரத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 2.42, தண்ணீருக்கு 1.33தான். அதனால், உள்ளே புகுந்த ஒளி அடிப்பட்டையில் செங்குத்திலிருந்து சுமார் 24 டிகிரிக்கு மேல் சாய்ந்து மோதினால் வெளியேற வழியின்றித் திரும்பிவிடும். அடிப்பட்டையின் சாய்வு தப்பினால் ஒளி நம் கண்ணுக்கு வராமல் பின்னால் ஒழுகிப் போகும். இந்தக் கோணங்களை மார்செல் டோல்கோவ்ஸ்கி கணக்கிட்டு 1919இல் புத்தகமாகவே வெளியிட்டார்; இன்றைய 57 பட்டை வட்டக் கல்லுக்கு அந்தக் கணக்குதான் அடிப்படை.

பாட்டிமார் உருகும் ‘ப்ளூ ஜாகர்’ வைரம் தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டெய்ன் சுரங்கத்தின் பெயரால் வந்தது. அந்த நீலச் சாயலுக்கு ஒரு தனி அழகு உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் நிறத்துக்காக ஓட்டத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.

பழைய தோடு மங்கியிருந்தால் கல்லைக் குறை சொல்லாதீர்கள். வைரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு சட்டென்று ஒட்டும். பின்பக்கம் படிந்தால் ஓட்டம் நின்றுவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மெல்லிய பிரஷ்ஷால் பின்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். கல் பதித்த கட்டடம் பின்பக்கம் மூடியிருந்தால் ஆசாரியிடம் கொடுத்துவிடுங்கள்.