தலைகீழாய் நின்ற 6.8

நில அளவை மென்பொருளில் எழுத்தை எங்கே வைப்பது, எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒரு பதிவு போட்டால் யார் படிப்பார்கள் என்று எனக்கே சந்தேகம்தான். ஆனால் குத்தாலத்தில் எங்கள் அப்பாவும் சித்தப்பாவும் ஒரு குறுவை முழுக்கப் பேசிக்கொள்ளாமல் இருந்ததற்கு இதுதான் காரணம். அதனால் எழுதிவிடுகிறேன்.

தாத்தாவின் துண்டு நிலம் ஒன்று. தெற்கே வாய்க்கால், வடக்கே வேறொருவர் வயல். இரண்டு பங்குக்கும் வாய்க்கால் தண்ணீர் நேரடியாகக் கிடைக்க வேண்டுமென்றால் நீளவாக்கில்தான் பிரிக்க முடியும். டெல்டாவில் பாகம் பிரித்த நிலங்கள் ரிப்பன் மாதிரி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தனியாக அளந்து கொடுக்கும் ஒருவரை வைத்து அளந்தோம். இரண்டு பங்கும் 92 மீட்டர் நீளம். அப்பாவின் பங்கு தெற்கில் 7.1 மீட்டர், வடக்கில் 6.8. சித்தப்பா பங்கு தெற்கில் 7.0, வடக்கில் 6.9. இரண்டுக்கும் சராசரி அகலம் 6.95தான். ஆளுக்கு 639 சதுர மீட்டர் சொச்சம், அதாவது அரை மாவுக்குக் கொஞ்சம் குறைவு. கணக்கு சுத்தம்.

ஆனால் பத்திரத்தில் அப்பாவின் வடபுற அகலம் 8.9 என்று ஏறிவிட்டது.

வரப்பு போடும்போதுதான் தெரிந்தது. "பத்திரத்துல 8.9னு இருக்கு, கையெழுத்தும் போட்டாச்சு" என்று அப்பா. "என்னடா தம்பி, கணக்கு ஒண்ணு சொல்லுது, பத்திரம் ஒண்ணு சொல்லுது?" என்று சித்தப்பா என்னைக் கேட்டார். ஒரு முனையில் 2.1 மீட்டர் கூடினால் 92 மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 97 சதுர மீட்டர். எங்கள் ஊர்க் கணக்கில் 7 குழி. 7 குழியை விட, "அண்ணன் தெரிந்தே செய்தாரோ" என்ற நினைப்புதான் சித்தப்பாவுக்குப் பெரிய பாரம்.

லீவில் ஊருக்குப் போனபோது படத்தின் ஜெராக்ஸை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் பக்கம் திருப்பி வைத்தபோது 8.9 போய் 6.8 வந்தது. அந்த எண் தலைகீழாக அச்சாகியிருந்தது! சந்தேகம் வராததற்குக் காரணம் பக்கத்தில் இருந்த சித்தப்பாவின் எண். 6.9ஐத் தலைகீழாகப் போட்டாலும் 6.9தான். புள்ளி மட்டும் கீழே இல்லாமல் மேலே நிற்கும். ஜெராக்ஸில் அதை யார் கவனிப்பார்கள்?

இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். அளவை மென்பொருள் ஒரு மனையை, வயலைப் பலகோணமாக வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தொடக்கம், ஒரு முடிவு, ஆகவே ஒரு திசை. எழுத்தைக் கோட்டின் நடுப்புள்ளியில் வைத்து, கோட்டின் கோணத்தையே எழுத்தின் கோணமாகக் கொடுப்பதுதான் மிக எளிய நிரல். நானே அப்படி எழுதியிருக்கிறேன். கோயிலை அப்பிரதட்சிணமாகச் சுற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். தெற்கு வீதியில் மேற்கிலிருந்து கிழக்கே போவோம். எழுத்து நேராக இருக்கும். வடக்கு வீதியில் கிழக்கிலிருந்து மேற்கே வருவோம், எழுத்து தலைகீழாகும்.

"கோணம் 90க்கும் 270க்கும் நடுவில் இருந்தால் 180 கூட்டிவிடு, அவ்வளவுதானே?" என்று நிரலாளர்கள் கேட்பீர்கள். அளந்தவரும் அதைத்தான் செய்து புதுப் படம் அனுப்பினார். எண் நிமிர்ந்தது, ஆனால் எங்கள் எல்லையைத் தாண்டி வடக்கே அடுத்தவர் வயலில் போய் உட்கார்ந்தது. காரணம் எழுத்தின் ஒட்டுப்புள்ளி. எழுத்தின் அடிப்பக்க நடுவைக் கோட்டில் ஒட்டியிருந்தால், அது போகும் திசைக்கு இடது பக்கம், அதாவது நம் நிலத்துக்குள் நிற்கும். அதே புள்ளியைப் பிடித்து 180 டிகிரி சுழற்றினால் மறுபக்கம் விழுந்துவிடும். கோணத்தைத் திருப்பும்போதே ஒட்டுப்புள்ளியையும் அடிநடுவிலிருந்து மேல்நடுவுக்கு மாற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் எண் நிமிர்ந்தும் நிற்கும், சொந்த நிலத்திலும் நிற்கும்.

இனி என் விமர்சனத்துக்கு வருகிறேன். இந்தத் துறையில் ஆராய்ச்சிக்குக் குறைவில்லை. சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் இம்ஹோஃப் 1962இல் வரைபடத்தில் பெயர்களை எங்கே வைப்பது என்று ஒரு கட்டுரை எழுதினார்; 1975இல் ஆங்கிலத்தில் வந்தது. ஒரு பெயர் எந்தப் பொருளுக்கு உரியது என்பது சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும் என்பது அவருடைய அடிப்படை விதிகளில் ஒன்று. பிறகு இது கணினிக்காரர்கள் கைக்கு வந்தது. புள்ளிகளுக்கு லேபிள் வைப்பது என்.பி.-ஹார்ட் வகைச் சிக்கல் என்று 1991இல் ஃபார்மன், வாக்னர் இருவரும் காட்டினார்கள். கிறிஸ்டென்சன், மார்க்ஸ், ஷீபர் மூவரும் 1995இல் பல அல்காரிதங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அருமையான வேலைதான். ஆனால் அங்கே மதிப்பெண், மற்றொன்றின் மேல் மோதாமல் எத்தனை லேபிள்களை வைத்தோம் என்பதற்கு. இம்ஹோஃபின் "யாருடையது" என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது.

அந்த அளவுகோலில் எங்கள் படத்துக்கு நூற்றுக்கு நூறு. ஒரு எண்ணும் இன்னொன்றின் மேல் விழவில்லை. ஊர் வரைபடத்தில் ஊர்ப்பெயர் கொஞ்சம் தள்ளி நின்றால் ஊர் நகர்ந்துவிடாது. அளவைப் படத்தில் எண் நகர்ந்தாலும் புரண்டாலும் வரப்பே நகரும்.

பி.இ. முதலாண்டு இன்ஜினியரிங் டிராயிங்கில், அளவுகளைத் தாளின் அடிப்பக்கத்திலிருந்தோ வலப்பக்கத்திலிருந்தோ படிக்கும்படி எழுது என்று தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். கையால் வரைபவர் தாளைத் திருப்பி வைத்து எழுதும்போது தானும் ஒரு தடவை படித்துவிடுகிறார். மென்பொருள் எழுதுகிறது, படிப்பதில்லை.

முன்பு புலப்படத்தைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் சர்வேயரும் வி.ஏ.ஓ.வும்தான். இன்று தமிழ்நாட்டுப் புலப்படங்கள் கொலாப்லேண்ட் மென்பொருள் வழியாகக் கணினிக்கு வந்து, யார் வேண்டுமானாலும் இணையத்தில் எடுத்துப் பார்க்கலாம் என்றாகிவிட்டது. நல்ல விஷயம். ஆனால் படிப்பவர் மாறிவிட்டார். அளவைப் படத்தைப் படித்துப் பழகாதவரும் தவறாகப் படிக்க முடியாதபடி எண் நிற்க வேண்டும்.

தீர்வு இல்லாமல் இல்லை. சிவில் 3டி போன்ற மென்பொருள்களில் எழுத்து தலைகீழானால் தானே நிமிர்த்தும் வசதி உண்டு. அதன் வரம்பு வழக்கமாக 90 டிகிரி அல்ல, 110. 89 டிகிரியிலும் 91 டிகிரியிலும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இரண்டு கோடுகளின் எழுத்துகள் எதிரெதிர் திசையில் திரும்பாமல் இருக்க இந்த ஏற்பாடு. வடக்கு தெற்காக ஓடும் நம் ரிப்பன் வயல்களுக்கு ரொம்பத் தேவை.

குறுகிய துண்டுகளுக்கு அது மட்டும் போதாது. 1:1000 அளவில் 6.8 மீட்டர் என்பது தாளில் 6.8 மில்லிமீட்டர், 1:2000 என்றால் 3.4தான். 2.5 மில்லிமீட்டர் உயர எழுத்தில் மூன்று நான்கு இலக்கம் அங்கே எப்படி நிற்கும்? அந்த இடத்தில் எண்ணைத் திணிக்காமல், மூலைக்கற்களுக்கு எண் கொடுத்து, எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல்லுக்கு எத்தனை மீட்டர் என்று ஓரத்தில் அட்டவணை போட்டுவிடலாம். 6க்கும் 9க்கும் அடிக்கோடு போடுவது இன்னும் எளிது.

பிழைத்திருத்தப் பத்திரம் போட்டாகிவிட்டது. வரப்பு 6.8இல் நிற்கிறது. அப்பா தானாகப் போய் சித்தப்பா வீட்டில் காபி குடித்துவிட்டு வந்தார்; 8.9 பற்றி இருவரும் பேசவில்லை என்று சித்தி சொன்னார்.

உங்கள் வீட்டில் அளவைப் படம் இருந்தால் ஒரு தடவை தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். 0, 1, 6, 8, 9 மட்டுமே வரும் அளவுகளைக் குறிப்பாகப் பாருங்கள். பக்க அளவுகளை வைத்துப் பரப்பைக் கையால் ஒரு முறை போட்டு, எழுதியிருக்கும் பரப்போடு ஒத்துப் பாருங்கள். நாங்கள் கையெழுத்துப் போடும் முன் இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்திருந்தால், அந்தக் குறுவை வேறு மாதிரி போயிருக்கும்.