நகரம் முதலில், கப்பல் பிறகு

சிங்கப்பூரில் மூன்று இரவு, அங்கிருந்து சொகுசுக் கப்பலில் மூன்று இரவு. திருமண நாள் பயணமாகச் சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் இப்போது பரவலாக விற்கப்படுவது இந்தக் கணக்குதான். வெள்ளி விழா ஆண்டைத் தொடும் பெற்றோருக்குப் பிள்ளைகளே பணம் போட்டு ஏற்பாடு செய்து தருவதும் உண்டு. பலருக்கு இது வாழ்நாளில் ஒருமுறை செய்யும் செலவு. அதனால் இரண்டையும் சேர்ப்பதில் உண்மையில் என்ன கிடைக்கிறது என்று கறாராகப் பார்த்தாக வேண்டும்.

நாள் கணக்கிலிருந்து தொடங்கலாம். ‘மூன்று இரவு, நான்கு பகல்’ என்ற கப்பல் பயணத்தில் முதல் பகல், பெட்டியை ஒப்படைத்து, இமிக்ரேஷன் முடித்து, கட்டாயப் பாதுகாப்புப் பயிற்சியையும் முடிப்பதற்குள் சாய்ந்துவிடும். நான்காம் பகல் காலை உணவோடு தீர்ந்துவிடும். கையில் மிஞ்சுவது இரண்டே முழு நாள். அந்த இரண்டிலும் ஊர் பார்க்கலாம் என்று சொல்லி விற்பதுதான் இந்தப் பயணத்தின் முதல் கோளாறு.

கப்பல் தொடும் ஊர்களை ஒரே அளவுகோலால் எடைபோடலாம்: இறங்குமிடத்துக்கும் ஊருக்கும் எவ்வளவு தூரம்? போர்ட் கிள்ளானில் இறங்கிக் கோலாலம்பூர் போய்வர, சாலையில் போக ஒரு மணி நேரத்துக்கு மேல், திரும்ப அதே அளவு. இடையில் கிடைக்கும் நேரத்தில் இரட்டைக் கோபுரத்தின் கீழே நின்று ஒரு படம் எடுக்கலாம், அவ்வளவே. புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பாத்தோங் கடற்கரைக்கு அப்பால் நங்கூரமிட்டுச் சிறு படகில் பயணிகளைக் கரைக்கு அனுப்புகின்றன. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் அங்கே அலை அதிகம். முழங்கால் வலி உள்ளவர்கள் அதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

பினாங்கு வேறு. ஸ்வெட்டன்ஹம் துறையில் இறங்கினால் ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே காலை வைக்கிறோம். யுனெஸ்கோ 2008இல் மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றிய பழைய நகரம் அது. குவீன் தெரு மாரியம்மன் கோவில் 1833இல் உருவானது. சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா. சற்றுத் தள்ளி இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். தமிழ் முஸ்லிம்கள் தோளில் சுமந்து விற்றுப் பெயர் பெற்ற நாசி கண்டார் சோற்றுக்கான கடைகள். எல்லாமே நடைதூரம். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் இந்தத் துறைமுகத்துக்கும் சிங்கப்பூருக்கும் 1970களின் தொடக்கம்வரை நம் மக்களை ஏற்றி வந்தது. பெரும்பாலானோர் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள். தஞ்சை, இராமநாதபுரம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இந்தக் கரை வெறும் சுற்றுலா இடமல்ல. பினாங்கு தொடும் பயணத்துக்கு மற்றவற்றைவிடக் கூடுதல் விலை கேட்டாலும் கொடுக்கலாம் என்பேன்.

ஆனாலும் கப்பலின் உண்மையான வரவு எந்தத் துறைமுகமும் அல்ல. எங்கும் நிற்காமல் மலாக்கா நீரிணையில் போகும் பகல்தான். ஒருபுறம் சுமத்ரா, மறுபுறம் மலாய்த் தீபகற்பம் என்று இரு பக்கமும் நிலம் காப்பதால் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்; குமட்டலுக்குப் பயப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. கணவனும் மனைவியும் சமைக்க வேண்டாம், வண்டி பிடிக்க வேண்டாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். இருபத்தைந்து ஆண்டு குடும்பம் நடத்திய ஒரு பெண்ணுக்கு அப்படி ஒரு முழுப் பகல் எத்தனை முறை கிடைத்திருக்கும்? இந்தக் கேள்விக்காகவே நான் கப்பலின் பக்கம் சாய்கிறேன்.

அப்படியானால் பால்கனி உள்ள அறை வேண்டும். ஜன்னலே இல்லாத உள் அறை மலிவுதான். ஆனால் நான்காயிரம் பேர் நடமாடும் கப்பலில் இருவர் தனியாக உட்காரக் கிடைக்கும் இடம் அந்தச் சிறு பால்கனி மட்டுமே. பணம் போதவில்லை என்றால் சிங்கப்பூர் ஓட்டலின் தரத்தைக் குறைக்கலாம். அந்த அறையில் பகலில் யாரும் இருக்கப்போவதில்லை.

செலவில் மறைந்திருப்பவையும் உண்டு. துறைமுகக் கட்டணம், ஆளுக்கு நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்கில் சேரும் டிப்ஸ், இணைய வசதி, சில உணவகங்கள் எல்லாம் தனி. டிப்ஸை நீக்கச் சொல்லிச் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள்; அது தவறு. அறையைச் சுத்தம் செய்கிறவரும் பரிமாறுகிறவரும் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியாவிலிருந்து மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து வந்தவர்கள். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையே வாரத்துக்கு 72 மணி நேரம்வரை வேலைக்கு இடம் கொடுக்கிறது. நமது ஓய்வு அவர்கள் உழைப்பில் நிற்கிறது.

நகரப் பகுதியில் குறை வேறுவிதம். யுனிவர்சல் ஸ்டுடியோஸ், செந்தோசா, மெழுகுச் சிலைகள், நைட் சஃபாரி என்று குழந்தைகளுக்கான பட்டியலை அப்படியே தம்பதிக்கும் கொடுத்துவிடுகிறார்கள். காலை எட்டுக்குப் பேருந்து ஏறி இரவு பத்துக்குத் திரும்பினால் பேச எங்கே நேரம்? 1859இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவின் மர நிழலில் ஒரு காலை, சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோவிலும் சைனாடவுனும் சேர்ந்த ஒரு மாலை, சிராங்கூன் சாலையில் ஓர் இரவு உணவு, மரினா விரிகுடாவைச் சுற்றி ஒரு நடை. மூன்று நாளுக்கு இவையே போதும். ரயிலில் தமிழ் அறிவிப்பும் தமிழ்ப் பலகையும் இருக்கும் ஊரில் வழிகாட்டி வண்டி தேவையே இல்லை.

வரிசையிலும் கவனம் வேண்டும். கப்பலை முதலில் வைத்தால் ஓய்ந்த உடம்போடு நகரம் பார்க்கலாம் என்பது சிலர் வாதம். எனக்கு அது சரியாகப் படவில்லை. விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. அதே நாளில் வந்திறங்கிக் கப்பலேறத் திட்டமிடுவது பெரிய ஆபத்து. கப்பல் காலையிலேயே இறக்கிவிடும். ஓட்டல் அறையோ மதியத்துக்குப் பிறகுதான் கிடைக்கும். பெட்டியோடு வெயிலில் அலைய நேரும். மரினா சவுத், ஹார்பர்ஃப்ரன்ட் என இரண்டு கப்பல் முனையங்கள் இருப்பதால் எது என்று சீட்டில் பார்த்துவிட்டு டாக்ஸி ஏறுவது நல்லது. கப்பல் மீண்டும் சிங்கப்பூருக்கே திரும்புவதால், விசா பலமுறை நுழைய அனுமதிப்பதுதானா என்று முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

என் தீர்ப்பு இந்தச் சேர்க்கைக்குச் சாதகமானதுதான், ஆனால் விற்கப்படும் வடிவத்தில் அல்ல. நகரம் முதலில், கப்பல் பிறகு. பார்ப்பதற்கும் நடப்பதற்கும் நகரம். இருவரும் சும்மா இருப்பதற்குக் கப்பல். துறைமுகம் ஒன்று போதும், அது பினாங்காக இருக்கட்டும். சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை விடும் ஜூன், டிசம்பர் மாதங்களைத் தவிர்த்தால் கப்பலில் நெரிசலும் குறையும். மொத்தம் ஐந்து நாள் விடுப்புதான் கிடைக்கும் என்றால் இரண்டையும் திணிக்க வேண்டாம். கப்பலை விட்டுவிட்டு ஐந்தையும் நகரத்துக்கே கொடுக்கலாம். ஏற்கெனவே சிங்கப்பூர் பார்த்தவர்களோ அங்கே ஒரே ஓர் இரவு தங்கிவிட்டு, மிச்சப் பணத்தில் பால்கனி அறையை எடுக்கலாம்.