முன்னே நடக்கும் ஆயன்

செஞ்சிக் கோட்டையை அடுத்த சிங்கவரத்தில், குன்றைக் குடைந்து அமைத்த கோயிலில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். ஆர்க்காட்டு நவாபுக்குப் பணிய மறுத்த தேசிங்குராசன், 1714இல் போருக்குப் புறப்படுமுன் இங்கு வந்து விடை கேட்டான் என்றும், இறைவன் தம் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றும் மக்கள் வழக்குக் கூறும். தேசிங்கு நிற்கவில்லை, சென்றான், மாண்டான். அவனுடைய வீரத்தைப் போற்றும் மக்கள் அந்தத் திரும்பிய முகத்தையும் மறக்கவில்லை. நாம் எடுத்த முடிவுக்குப் பின்துணையாக வருமாறு கடவுளை அழைக்கலாம். ஆனால் அவர் வந்தே தீரவேண்டும் என்பதில்லை. இந்த உண்மையை அவ்வழக்கு எளிமையாக உணர்த்திவிடுகிறது.

தேசிங்கு மாள்வதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1712இல், தென்கோடியில் நட்டாலத்தில் பிறந்தவர் நீலகண்டன். இன்று நாம் புனித தேவசகாயம் என வணங்கும் மறைசாட்சி அவரே. அவரைப் பற்றிய நாடகங்களும் பாட்டுகளும் சிறு வரலாறுகளும் நம்மிடையே பல உள்ளன. அவற்றின் பத்தியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் அவை மனமாற்றத்தைச் சித்திரிக்கும் முறை சரியானதுதானா என்று கேட்டுப் பார்ப்பது நம் கடமை.

கதையின் தொடக்கம் யாவரும் அறிந்ததே. மார்த்தாண்டவர்மரின் அரண்மனை அலுவலரான நீலகண்டனின் கால்நடைகள் மாண்டன; பயிர் அழிந்தது. மனம் நொந்திருந்த அவருக்கு, 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்பு அரசரின் படைக்குப் பயிற்சி அளித்த டிலனாய், யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். நம் நூல்களில் பல இதனை ஒரு துரத்தலாகவே காட்டுகின்றன. துன்பம் என்னும் கோல் பின்னாலிருந்து அடிக்க, ஆடு வேறு வழியின்றிப் பட்டிக்குள் புகுந்ததாம்.

இந்தப் பிழைக்கு நம் மண்ணின் வழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம். செஞ்சி ஆயர்களை நன்கறிந்த பூமி. இராஜகிரியில் முதன்முதல் கோட்டை எழுப்பியவன் ஆனந்தக்கோன் என்னும் ஆயர்குலத் தலைவன் என்பது இவ்வூர் மரபு. இங்கே இடையர் பெரும்பாலும் மந்தையின் பின்னே கோலூன்றி நடப்பர். ஆனால் யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வரும் ஆயன் மந்தையின் முன்னே நடக்கிறான். ஒவ்வோர் ஆட்டையும் பெயர் சொல்லி அழைக்கிறான். குரலை அறிந்த ஆடுகள் பின்செல்கின்றன. ஆட்டை அங்கே நடத்துவது கோலன்று, குரலே.

இந்தப் பார்வையோடு மீண்டும் படித்தால், டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னதன் பொருள் விளங்கும். இழந்தவனுக்கு அது இலாபம் காட்டும் கதையன்று. பலன் கருதாமல் ஒருவன் கடவுளை அன்பு செய்யக்கூடுமா என்பதே அந்நூல் எழுப்பும் வினா. யோபுவுக்கு இறுதியில் செல்வம் இருமடங்காகத் திரும்பியது. தேவசகாயத்தின் வாழ்வில் அந்த அதிகாரம் எழுதப்படவில்லை. அவருக்குக் கிடைத்தவை விலங்கும் கசையடியும் ஊரார் நகைக்க எருமைமீது ஏற்றிய பவனியுமே. துன்பத்திலிருந்து தப்ப வந்தவராயின் அங்கேயே திரும்பியிருப்பார்.

நாடகங்களின் மற்றொரு குறை, அவை எதனை விரைந்து கடக்கின்றன என்பதில் உள்ளது. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் பெற்ற திருமுழுக்கைக் காட்டுகின்றன. 1749இல் அவர் கைதானதைக் காட்டுகின்றன. புலியூர்க்குறிச்சிப் பாறையில் நீர் சுரந்ததையும், 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் குண்டுகள் பாய்ந்ததையும் நெஞ்சுருகக் காட்டுகின்றன. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளோ ஒரு காட்சிக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் ஆயனைப் பின்சென்ற வாழ்வு அந்த நான்கு ஆண்டுகளில்தானே நிகழ்ந்தது! மனைவி பார்கவி ஞானப்பூ ஆனதும், உயர்குலத்தவரான அவர் சாதி பாராமல் எல்லாருடனும் சமமாகப் பழகியதும், அதனால் பகை மூண்டதும் அப்போதுதான். அற்புதம் நம்மை வியக்க வைக்கிறது. சமபந்தியோ நம்மைக் கேள்வி கேட்கிறது. கேள்வியைச் சுருக்கி வியப்பை விரித்தது தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை.

காரணம், அந்தக் கேள்வி நம்மை விட்டு நீங்கவில்லை. அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் ஆலயத்துக்குள்ளேயே சாதிகளைப் பிரிக்கும் தடுப்பு நின்றது. 1910இல்தான் அது அகற்றப்பட்டது. ஆயன் பெயர் சொல்லி அழைக்கிறான் என்றோம். வடக்கன்குளத்தில் அவர் பெற்ற பெயர் இலாசர், தமிழில் தேவசகாயம். அந்தப் பெயரோடு குலப்பெயரையும் சேர்த்து அழைத்தவர்கள் நாமே. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது அந்தப் பின்னொட்டு இல்லை. நம் நூல்களின் அட்டைகளிலும் நாடக விளம்பரங்களிலும் அது இன்னும் தொடர்வது, குரலைக் கேட்ட பிறகும் பழைய பட்டியை விட மனமில்லாமையைக் காட்டுகிறது.

மதமாற்றம் என்ற சொல் இன்று ஐயத்தோடு நோக்கப்படுகிறது. அதற்கு விடையளிக்க முற்படும் நம் எழுத்தாளர் சிலர், இதனை ஒரு சமயம் மற்றொன்றை வென்ற கதையாக எழுதிவிடுகின்றனர். அப்படி எழுதும்போது, தம் போருக்குக் கடவுளைத் துணைக்கு அழைத்த தேசிங்கின் இடத்திலேயே அவர்களும் நிற்கின்றனர். தேவசகாயம் எவரையும் வெல்லவில்லை. முன்னே சென்ற ஒருவரைப் பின்தொடர்ந்தார். அவ்வழி காற்றாடிமலைக்குச் சென்றபோதும் விலகவில்லை.

இனி அவரைப் பற்றி நாடகம் எழுதுவோருக்கு நம் வேண்டுகோள் ஒன்றுண்டு. பாறையையும் துப்பாக்கியையும் சற்றுச் சுருக்குங்கள். அவர் யாருடன் அமர்ந்து உண்டார், யார் வீட்டு வாயிலில் நின்று பேசினார் என்பதற்கு ஒரு முழு அங்கத்தை ஒதுக்குங்கள். அந்தக் காட்சியில் நம் பங்கு மக்கள் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். அவருடைய மனமாற்றத்தை அவர்கள் உண்மையாகக் காணத் தொடங்கும் இடம் அதுவே.