காயமுற்ற நடுவர்

வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கலாஞ்சலோ 1536 முதல் 1541 வரை தீட்டிய ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியத்தைக் கண்டு அஞ்சுவோர் பலர். கிறிஸ்துவின் ஓங்கிய கரத்தைக் காணும் அவர்கள், அவருடலின் சிலுவைக் காயங்களைக் காண்பதில்லை. நமக்காகக் காயமுற்றவரே நம் நடுவர் என்பதன்றோ நம் விசுவாசம்!

தம் படைப்பைப் பழித்த திருத்தந்தையின் அலுவலரை ஓவியர் நரகத்தில் வரைந்தார் என்பர். அங்கே தூரிகை தீர்ப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டது, அது குறையே. மறையுரை மேடையிலிருந்து பிறர்க்கு நரகம் வரைந்த குறை எனக்கும் உண்டு. ஆனால், புனித பர்த்தலமேயு ஏந்தும் உரிந்த தோலில் ஓவியர் தம் முகத்தையே தீட்டினார் என்பதும் அறிஞர் கருத்து. அங்கே அவர் இரக்கத்திற்குக் காத்திருக்கும் பாவி. தீர்ப்பு நம் உண்மை முகத்தைக் காட்டும். இரக்கம் அம்முகத்தைக் கைவிடாது.