படம் சொல்வது

குழந்தைக்கு என்ன புத்தகம் வாங்கலாம் என்று நண்பர்கள் கேட்கும்போது, எதைப் படித்தால் பையன் ஒழுங்காக வளர்வான் என்பதைத்தான் கேட்கிறார்கள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. பெரியவர்களுக்கு எழுதும்போது நீதி சொல்வதைக் கேவலமாக நினைக்கும் நாம், வீட்டுக் குழந்தைக்குப் புத்தகம் என்றதும் பிரம்பெடுத்த வாத்தியாராகிவிடுகிறோம். இதுபற்றி நம் வட்டத்தில் யாருக்கும் கூச்சம் இருப்பதாகவும் தெரியவில்லை.

ஆறு வயதுப் பேரனுடன் உட்கார்ந்து படித்ததில் மனசில் தங்கிய சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, ஜான் கிளாஸன் எழுதி வரைந்த 'திஸ் இஸ் நாட் மை ஹாட்' (2012). ஒரு சின்ன மீன், தூங்கிக்கொண்டிருந்த பெரிய மீனின் தொப்பியைத் திருடிக்கொண்டு போகிறது. வார்த்தைகள் முழுவதும் திருடனுடையவை. பெரிய மீன் இப்போதைக்கு விழிக்காது என்கிறது. படத்தில் அதன் கண் திறந்திருக்கிறது. விழித்தாலும் தொப்பி போனது தெரியாது என்கிறது. கண் மேலே பார்க்கிறது. தன்னைப் பார்த்துவிட்ட நண்டு யாரிடமும் சொல்லாது என்கிறது. நண்டோ கொடுக்கை நீட்டி வழி காட்டுகிறது. கடைசிப் பக்கங்களில் வார்த்தையே கிடையாது. அடர்ந்த நீர்ச்செடிகள். பிறகு தொப்பியோடு பெரிய மீன். அவ்வளவுதான்.

கதைசொல்லியை நம்பக் கூடாது என்ற உத்தியைப் பற்றி நாம் பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதியிருக்கிறோம். பேரனுக்கு இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நான் தமிழாக்கிச் சொல்லச் சொல்ல அவன், "பொய் சொல்லுது தாத்தா" என்றான். நான் வரிகளில் இருந்தேன், அவன் படத்தில் இருந்தான். முடிந்ததும் கேட்டேன், சின்ன மீன் எங்கே என்று. "எனக்குத் தெரியும்" என்றான். சொல்லவில்லை. திருடக் கூடாது என்ற வாக்கியத்தை ஆசிரியர் எங்கும் எழுதாமல் விட்டதால்தான் அந்த மௌனம் சாத்தியமாயிற்று. அமெரிக்காவின் கால்டிகாட் (2013), பிரிட்டனின் கேட் கிரீனவே (2014) இரண்டும் இதற்குக் கிடைத்தன. விருதுகள் எப்போதாவது சரியான வீட்டுக் கதவையும் தட்டும்போலும்.

அடுத்தது, ஜெர்மானியர் வோல்ஃப் எர்ல்புருக்கின் புத்தகம். ஆங்கிலத்தில் 'டக், டெத் அண்ட் த டூலிப்'. 2007இல் வந்தது. 2022இல் அவர் இறந்துவிட்டார். தன்னை யாரோ பின்தொடர்வதை வாத்து கவனிக்கிறது. திரும்பிப் பார்த்தால் மரணம்: மண்டையோட்டு முகம், கட்டம் போட்ட அங்கி. இரண்டும் சிநேகமாகின்றன. குளத்து நீரில் குளிர்ந்துபோன மரணத்தை வாத்து தன் உடம்பால் மூடிச் சூடாக்குகிறது. இந்த ஒரு படத்துக்காகவே புத்தகத்தை வாங்கலாம். பனி பெய்யும் இரவில் வாத்து இறக்கிறது. மரணம் அதைத் தூக்கிப்போய் ஆற்றில் மிதக்கவிட்டு, மேலே ஒரு மலரை வைக்கிறது. சொர்க்கம் உண்டா என்ற கேள்விக்குப் புத்தகம் பதில் சொல்வதில்லை.

பேரனின் பாட்டி போன வருஷம் காலமானாள். வீட்டில் அவனுக்குச் சொல்லியிருந்தது, சாமி கூப்பிட்டுக்கொண்டார் என்பது. எப்போது திருப்பி அனுப்புவார் என்று பல நாள் கேட்டுக்கொண்டிருந்தான். இந்தப் புத்தகத்தை நான் எடுத்ததும் என் மகள், "வேண்டாம்ப்பா, பயந்துக்குவான்" என்றாள். பயந்தது நாங்கள்தான். அவன் கேட்டது, "பாட்டிக்குப் பூ வச்சீங்களா?" வைத்தோம் என்றேன். பிறகு எப்போது வருவாள் என்று கேட்கவில்லை. இது எனக்கு ஆறுதலாக இருந்ததா என்றால், அதையும் சொல்லத் தெரியவில்லை.

தமிழில்? யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' நாவலைச் சொல்வேன். 2020இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலை, வீடுகள் வாய்திறக்காத விஷயத்தை, பேசும் மரப்பாச்சி வழியாக எடுக்கிறது. பெரியவர்களிடம் சொல்லமுடியாததைக் குழந்தை பொம்மையிடம்தானே சொல்லும்? அந்தத் தேர்வு சரியானது. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தயங்காமல் கொடுக்கலாம்.

ஆனால் படப்புத்தகம் என்ற உருவம் இங்கே இன்னும் பிடிபடவில்லை. எழுத்தாளர் கதையை முடித்துக் கொடுத்த பிறகு ஓவியர் வந்து, கதையில் யானை என்றிருந்தால் யானை வரைகிறார். படம் வார்த்தையை எதிர்த்துப் பேசுவதில்லை, தலையாட்டுகிறது. 1991க்கு முன் மாஸ்கோவிலிருந்து தமிழில் சல்லிசாக வந்து குவிந்த புத்தகங்களின் படங்கள் இன்றும் என் தலைமுறைக்கு ஞாபகமிருக்கின்றன. அதிலிருந்து நாம் கற்றுக்கொண்டது குறைவு. நம் கவிஞர்களில் யாராவது ஒரு ஓவியரோடு ஆறு மாதம் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கிறார்களா?

சென்னையில் இதற்கான கைகள் இல்லாமலில்லை. தாரா புக்ஸ் 2006இல் வெளியிட்ட 'த நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' இங்கேதான் கறுப்புத் தாளில், ஒவ்வொரு நிறமாக, கையால் ஸ்கிரீன் பிரிண்ட் செய்யப்பட்டது. ஓவியங்கள் கோண்டு ஓவியர்களான பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் ஊர்வேதி வரைந்தவை. இருட்டில் மரங்கள் வேறாகி நிற்கின்றன. முகத்தருகே கொண்டுபோனால் மை வாசனை வரும். பேரன் முதலில் முகர்ந்துதான் பார்த்தான். விலை அதிகம். மூன்று பேர் சேர்ந்து ஒரு பிரதி வாங்கி, மாதத்துக்கு ஒரு வீடாகச் சுற்றவிடலாம். என் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.