கேட்க ஆளில்லாத கொடை

பல்கலைக்கழகத்துக்கு உயில் எழுதிவைப்பது மற்றக் கொடைகளைவிட ஒரு வகையில் சுத்தமானது. கொடுத்தவர் திறப்பு விழாவுக்கு வந்து மாலை வாங்கிக்கொள்ள மாட்டார்; பேத்திக்கு இடம் கேட்டு துணைவேந்தர் அறையில் உட்காரவும் மாட்டார். ஆயுள் முழுக்க தன் செலவுக்கு வைத்துக்கொண்டு மிஞ்சியதைத் தருவதால், மாதச் சம்பளக்காரரும் பெருங்கொடையாளி ஆகலாம். ஆனால் பணம் திசை மாறும்போது, 'நான் நினைத்தது இதுவல்ல' என்று சொல்லவும் அவர் வரமாட்டார். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழக நூலகத்தில் ஏறக்குறைய 50 ஆண்டுகள் நூல்களைப் பட்டியலிட்ட ஒருவர், பழைய காரை ஓட்டிக்கொண்டு சிக்கனமாக வாழ்ந்தவர், 2015-இல் இறந்தபோது 40 லட்சம் டாலரை அங்கேயே விட்டுப்போனார். நூலகத்துக்கென்று அவர் குறித்தது 1 லட்சம்தான். மற்றதற்கு நிபந்தனை இல்லை. நிர்வாகம் அதிலிருந்து 10 லட்சத்தைக் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் ஸ்கோர் பலகைக்கு ஒதுக்கியது. கடைசிக் காலத்தில் அவருக்குக் கால்பந்து பார்ப்பதில் ஆர்வம் வந்திருந்ததாம்! சட்டப்படி தவறே இல்லை. கண்டனம் எழுந்தும் உயிலைக் காட்டித் தடுக்க வழியில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் இறுக்கி எழுதிவிடலாமே என்று தோன்றும். ஆனால் 1902-இல் இறந்த பிரிட்டிஷ் செல்வந்தர் செசில் ரோட்ஸின் உயில் ஆக்ஸ்ஃபோர்டு உதவித்தொகையை ஆண்களுக்கு மட்டும் என்று வைத்தது. 1977 வரை பெண்களுக்குக் கதவு திறக்கவில்லை. நம் ஊர்க் கதை இன்னும் சிக்கலானது. சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்குப் பச்சையப்ப முதலியார் சொத்து எழுதினார் என்றே பேசிப் பழகிவிட்டோம். 1794-இல் அவர் உயில் எழுதியது கோயில் கைங்கரியங்களுக்கும் தர்மங்களுக்கும். வழக்குகளில் பல்லாண்டு கழிந்து, பெருகிய உபரியை நீதிமன்றம் கல்விக்குத் திருப்பியதால்தான் 1842-இல் பள்ளி வந்தது, பிறகு அது கல்லூரியானது. அங்கும் 1947 வரை இந்து மாணவர்களுக்கு மட்டுமே இடம். ஆக, எழுதாமல் விட்டாலும் ஆபத்து, எழுதிக் கட்டிவைத்தாலும் ஆபத்து. கல்விக்கு நல்லது நடந்த இடங்களில், உயிலைத் திருத்திப் படிக்க யாருக்கோ அதிகாரம் இருந்திருக்கிறது.

இப்படி உயில் எழுதுவது வாரிசுகளின் பங்கைப் பறிக்கிறது என்பது பழைய ஆட்சேபம். மரணப்படுக்கையில் வற்புறுத்தி எழுதி வாங்குவார்கள் என்ற பயத்தில்தான், நெருங்கிய உறவினர் உள்ளவர் தர்மத்துக்கு எழுதும் உயில் சாவுக்கு 12 மாதம் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு சொன்னது. கிறிஸ்தவர்களை மட்டும் பாகுபடுத்துகிறதென்று 2003-இல் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. அது சரியே; பயத்துக்கு மருந்து, நிதானமாக முன்கூட்டியே எழுதுவதும் வீட்டாருக்குச் சொல்லிவைப்பதும்தான். பல்கலைக்கழகத்தை நம்பித்தானே தருகிறோம், நிபந்தனை எதற்கு என்பது இன்னொரு கேள்வி. நம்புவது இன்றைய துணைவேந்தரை. பணம் போய்ச் சேர்வது முப்பது வருடம் கழித்து வருகிறவரிடம். எனவே நோக்கத்தை மட்டும் உறுதியாக எழுதுங்கள்: ஏழை மாணவர் கட்டணம், நூலகம், ஆய்வு என்று. அது காலாவதியானால் யார், எதற்கு மாற்றலாம் என்று ஒரு வரி சேருங்கள். அந்த வாசகத்தைப் பதிவாளரிடம் இப்போதே காட்டி எழுத்தில் ஒப்புதல் கேளுங்கள். தர மறுக்கும் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைக்க வேண்டாம்.